கால் தெரியும் கண்ணாடி

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. விடியும்வரை பெய்த மழை ஓய்ந்து வானம் வெளிறிக் கிடந்தது. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இதைவிட நல்ல நாள் அமையாது. மழையை அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள், காற்றைத்தான் பொறுக்கமாட்டார்கள். ஆளுயரக் கண்ணாடியொன்றை இருவர் ஏந்தித் தெருமுனையில் திரும்பும்போது பக்கவாட்டில் காற்று வீசினால், அந்தக் கண்ணாடி பாய்மரமாகிவிடும். அது இழுத்த பக்கம் போவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இராது. அன்று காலை முதலாளி கடை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, “இன்னிக்குக் காத்து லீவு போட்டிருக்கு. நீங்க யாரும் போட்டுடாதீங்க” என்றார்.

யாரும் போடவில்லை. தராசும் வந்திருந்தார்; அவருடைய மைத்துனனும் வந்திருந்தான்.

தராசு என்பது பெற்றோர் வைத்த பெயரன்று. கடை வைத்த பெயர். கண்ணாடியின் ஒரு முனையை அவர் பிடித்தால் அதன் மேல்விளிம்பு சாயாது. மேடானாலும் பள்ளமானாலும், மாடிப்படியின் திருப்பமானாலும், நீர்மட்டம் வைத்துப் பார்த்ததுபோல் அது நேராகவே போகும். “அது மேல எறும்பு நடந்தாகூட வழுக்காது” என்று கண்ணாடி வெட்டுகிறவர் ஒருமுறை சொல்லப்போக, அன்றைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. சொந்தப் பெயர் அரசாங்கக் காகிதங்களில் மட்டும் மிஞ்சியது.

மறுமுனையைப் பிடிப்பவன் மனைவியின் தம்பி. வேலை கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவனைக் கடைக்கு அழைத்துவந்தவர் தராசுதான். கை வேகம், வாய் அதைவிட வேகம். வெட்டுகிறவர் அவனைக் காணும்போதெல்லாம், “உன் மச்சான் பக்கம் தராசு, உன் பக்கம் ஊஞ்சல்” என்று வம்புக்கு இழுப்பார். “ஊஞ்சல்னா ஆடத்தான் செய்யும். நீங்க ஏன் அதுல ஏறப் பார்க்கறீங்க?” என்று அவனும் விடமாட்டான். ஆனால் மச்சான் முன்னே போக, தான் பின்னே போகும்போது அவன் வாய் தானாக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் மச்சானின் குரல் ஒன்றே அவனுக்கு வழி.

இருவர் ஒரு பெரிய கண்ணாடியைத் தூக்கும் முறை பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும். இருவரும் கண்ணாடியின் ஒரே பக்கத்தில், அதைப் பார்த்தபடி, ஆளுக்கொரு முனையில் நிற்பார்கள். அடிப்பக்கத்தில் ஒட்டிய ரப்பர் பிடிகளைக் கையால் பற்றி, கண்ணாடியை மார்போடு அணைத்துக்கொண்டு, நண்டைப்போலப் பக்கவாட்டில் நடப்பார்கள். முன்னே போகிறவர் தரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: “படி.” “மேடு.” “தண்ணி.” பின்னே வருகிறவர் “ம்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. இன்னொரு விதியும் உண்டு, அதைப் புதிதாகச் சேருகிறவர்களிடம் முதலாளியே வாயால் சொல்லுவார்: “கண்ணாடி போச்சுன்னா விட்டுட்டு விலகிடு. பிடிக்கப் போகாதே. உடைஞ்சதுக்கு வேற வாங்கிக்கலாம்.”

தராசுக்கு வலது கணுக்காலில் ஒரு கதை இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன்பு வண்டியிலிருந்து இறங்கும்போது பாதம் உட்புறமாக மடங்கிற்று. வீங்கியது, கருத்தது. சுளுக்கு என்றார்கள். சுளுக்கென்றால் எண்ணெய் தேய்ப்பதும் துணி சுற்றுவதும் போதுமென்று எல்லோருக்கும் தெரியும். அதற்காக மருத்துவரிடம் போவது செல்லம் கொஞ்சுவதாகும். அவரும் போகவில்லை. வீக்கம் வடிவதற்குள் கண்ணாடி தூக்கத் தொடங்கிவிட்டார்.

அதன்பிறகு அந்தக் கால் அவருடைய சொல்லைக் கேட்கவில்லை. சிறு கல்லொன்றை மிதித்தால் மடங்கும். நடைபாதையிலிருந்து தெருவில் இறங்கினால் மடங்கும். ஒன்றுமே இல்லாத சமதரையில், சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில், தண்ணீர்ச் செம்பும் கையுமாக மடங்கும்.

“தரையில ஒண்ணுமே இல்லையே. எதுல தடுக்கினீங்க?” என்று மனைவி கேட்பார்.

“தரையிலதான்.”

“நல்லா இருக்கே. எல்லாரும் அதுலதான் நடக்கறோம்.”

முதலில் ஒவ்வொரு முறையும் வீங்கியது. பிறகு வீக்கமும் சலித்துப்போய் நின்றுவிட்டது. மடங்கும், ஒரு நொடி உயிர்போகும், உடனே ஒன்றும் நடவாததுபோல் நிமிர்ந்து நிற்கும். பொல்லாத பிள்ளையைப்போல, அடித்ததும் தானே, கண்ணைத் துடைத்துவிடுவதும் தானே. காட்டுவதற்கு ஒரு காயமும் இராது. சொன்னால் நம்புவதற்கு ஆளும் இராது.

ஆகையால் தராசு தரையைப் பார்த்து நடக்கப் பழகினார். பாதம் எங்கே பதிகிறது என்பதைக் கண்ணால் பார்த்தால் அது மடங்குவதில்லை. இருட்டிலும், பேச்சு மும்முரத்தில் நிமிரும்போதும்தான் மடங்குகிறது என்பது மெல்ல மெல்ல அவருக்குப் பிடிபட்டது. ஏனென்று தெரியவில்லை, தெரிந்துகொள்ள முயலவுமில்லை. அவர் குனிந்த தலை நிமிராமல் போவதைக் கண்டு தெருப்பெண்கள் அவருடைய மனைவியிடம், “கட்டினா இப்படிப்பட்டவரைக் கட்டணும். ஒருத்தி முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்கறதில்ல” என்றார்கள். மனைவி அதைப் பெருமையோடு வந்து சொன்னபோது, தம் நல்லொழுக்கத்துக்குக் காரணம் ஒரு கணுக்கால் என்று அவர் எப்படிச் சொல்வார்? சிரித்துவைத்தார்.

இப்படிப்பட்ட காலை வைத்துக்கொண்டு அவர் கண்ணாடி தூக்கியதெப்படி என்று கேட்கத் தோன்றும். விடை எளிது. கண்ணாடியூடே கால் தெரியும். மார்போடு அணைத்த கண்ணாடியின் அடிவிளிம்புக்கு வெளியே இரண்டு பாதங்களின் முன்பகுதியும் நீட்டிக்கொண்டிருக்கும். குனிந்தால் அவையும், அடுத்து மிதிக்கவிருக்கும் தரையும் தெளிவாகத் தெரியும். மரப்பலகையோ இரும்புத்தகடோ தூக்கும் வேலையாயிருந்தால் அவர் என்றோ விழுந்திருப்பார். கடைக்காரர்கள் புகழ்ந்த நிதானம் முழுவதும், வலது பாதத்தை விட்டு விலகாத ஒரு பார்வையிலிருந்து பிறந்தது.

நம் மொழியில் சன்னலில் பதிப்பதும் கண்ணாடி, முகம் பார்ப்பதும் கண்ணாடி. தராசு முகம் பார்க்கும் கண்ணாடிகளைத் தூக்குவதில்லை. அவற்றின் பின்புறப் பூச்சில் சட்டைப் பொத்தான் பட்டாலும் கீறல் விழுந்துவிடும் என்பதால், முகம் காட்டும் பக்கத்தைத் தூக்குகிறவரின் மார்போடு சேர்த்துத்தான் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் குனிகிறவருக்குத் தம் கால் தெரியாது, தாமே தெரிவார். அந்த வகை வேலை வரும்போதெல்லாம் அவர் மற்ற இருவரை அனுப்பிவிடுவார். “என் மூஞ்சிய நானே பார்த்துக்கிட்டு வழி முழுக்க நடக்கணுமா? எனக்கு வெட்கமா இருக்குய்யா” என்று வேடிக்கையாகச் சொல்வார். எல்லோரும் சிரிப்பார்கள். மைத்துனனும் சிரித்திருக்கிறான். உண்மைக் காரணத்தை அவர் அவனிடம்கூடச் சொன்னதில்லை.

அந்தத் திங்கட்கிழமை முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டு, “தையல்கடைக்கு ஆளுயரக் கண்ணாடி ஒண்ணு. வண்டியில ஏத்தியாச்சு. தராசு, நீயும் மாப்பிள்ளையும் போயிட்டு வந்துடுங்க” என்றார். அந்தத் தையல்கடையின் முன்பக்கத்துக்குக் காட்சிக் கண்ணாடி போடப்போவதாகப் போன வாரமே பேச்சு அடிபட்டிருந்தது. அதுதான் என்று தராசு எண்ணிக்கொண்டார். என்ன கண்ணாடி என்று அவர் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணி முதலாளியும் சொல்லவில்லை. வண்டியில் அது பழுப்புக் காகிதம் சுற்றி நின்றது.

தையல்கடை தெருவைவிடச் சில படிகள் உயரத்தில் இருந்தது. படிகளுக்கு வழவழப்பான கல் பதித்திருந்தார்கள். மழைநீர் அவற்றின்மேல் மினுமினுத்தது. கண்ணாடியை இறக்கி வண்டியோரம் சாய்த்தார்கள். ரப்பர் பிடி காகிதத்தின்மேல் ஒட்டாது. மைத்துனன் காகிதத்தைச் சரசரவென்று உரித்தான்.

உள்ளேயிருந்து அவனுடைய முகமும் தராசின் முகமும் வெளியே வந்தன.

தராசு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்தக் கணத்தில் அவர் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். ‘என்னால இதைத் தூக்க முடியாது, மாப்ளே.’ வாக்கியம் தொண்டைவரை வந்தது. மைத்துனன் அவரைப் பார்த்துக் கண்ணடித்தான்.

“என்ன மச்சான், பொண்ணு பார்க்க வந்த மாதிரி நிக்கறீங்க? வெட்கமா இருந்தா கண்ண மூடிக்கோங்க. நான் பார்த்துக்கறேன், உங்க மூஞ்சிய.”

தையல்கடைக்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். கடைக்குள்ளிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். காற்றும் இல்லை, நாலெட்டு நடை, ஏழெட்டுப் படிகூட இராது. தராசு தொண்டையிலிருந்ததை விழுங்கிவிட்டு, “பிடி” என்றார்.

தெருவைக் கடந்தார்கள். “படி” என்றார் தராசு. “ம்” என்றான் மைத்துனன். முதற்படி நலமாகவே கடந்தது. “படி.” “ம்.” அடுத்த படிக்குக் காலைத் தூக்கியவர், வழக்கம்போல் பாதத்தைத் தேடிக் குனிந்தார். பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குனிந்த நெற்றியும், வியர்த்த மேலுதடும், மிரண்ட கண்களும் இருந்தன. அவற்றுக்குப் பின்னால் வெளிறிய வானம் இருந்தது. கால் கீழே எங்கோ இறங்கியது. படியின் மேல் இறங்கியதா, விளிம்பில் இறங்கியதா, பாதம் நேராக இருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா? ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. உடம்பின் பாரம் முழுவதும் இறங்கிய பிறகே அது சாய்ந்திருந்தது தெரிந்தது.

தராசின் முனை தாழ்ந்தது. கண்ணாடியின் கீழ்மூலை கல்லில் மோதிற்று. குறுக்கே ஒரு கோடு ஓடியது. மேற்பாதி தனியே கழன்று அவர் கழுத்தை நோக்கிச் சரிந்தது.

“விட்டுடு மாப்ளே.”

மைத்துனன் விடவில்லை. விதியை அவன் மறக்கவுமில்லை. மச்சானின் கழுத்தைப் பார்த்தான், அவ்வளவுதான். கையுறை அணிந்த கையைச் சரியும் விளிம்புக்குக் குறுக்கே கொடுத்தான். கையுறை கிழிந்தது.

மருத்துவமனைக்கு முதலாளி, வெட்டுகிறவரையும் கூட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். மைத்துனனின் உள்ளங்கையில் தைத்துக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். தசைநார் அறுந்திருக்கிறது, இரண்டு விரல்கள் மடங்குமா என்பதைப் பிறகுதான் சொல்ல முடியும் என்று மருத்துவர் கூறிச் சென்றிருந்தார்.

“எப்படிய்யா?” என்று முதலாளி கேட்டார்.

“என்னாலதான், முதலாளி” என்றான் மைத்துனன். “மச்சான் காலை ஊனறதுக்கு முன்னாடியே தள்ளிட்டேன் போல. எனக்குத்தான் எல்லாத்துலயும் அவசரமாச்சே.”

தராசு திடுக்கிட்டார். “இல்ல. இவன் தள்ளல. என் கால் பிசகிடுச்சு.”

முதலாளி அவருடைய காலைப் பார்த்தார். வீக்கம் இல்லை, நொண்டல் இல்லை. அந்தக் காலால்தான் அவர் மைத்துனனைத் தோளில் சாய்த்துத் தெருமுனைவரை ஓடி ஆட்டோ பிடித்திருந்தார்.

“இந்தக் காலா?”

“அது அப்படித்தான், முதலாளி. மடங்கும். அப்புறம் ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கும்.”

“சரி, சரி. பிசகு யாருதா இருந்தா என்ன? நடந்தது நடந்துபோச்சு” என்று முதலாளி அவர் தோளைத் தட்டினார். பிசகு என்ற சொல்லின் இரு பொருளில் தராசு சொன்னது ஒன்று. முதலாளி கேட்டது மற்றொன்று. வெளியே போகும்போது அவர் வெட்டுகிறவரிடம், “மச்சினன்மேல அவ்வளவு பாசம். பழியத் தன்மேல போட்டுக்கறான், பாரேன்” என்று தாழ்ந்த குரலில் சொன்னது தராசின் காதிலும் விழுந்தது.

அன்றுமுதல் உண்மையைச் சொல்லச் சொல்ல அவருக்கு நல்ல பெயர் கூடிக்கொண்டே போயிற்று.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். மனைவி அழுது சிவந்த கண்களோடு, “எனக்குத் தெரியாதா அவனை? சின்ன வயசுலேர்ந்து அவசரக்காரன். நீங்க அவனுக்காகப் பொய் சொல்ல வேணாம். சொல்றது பெரிய மனசுதான், ஆனா வேணாம்” என்றார். சொல்லிவிட்டு அவருடைய கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்தக் கையை இழுத்துக்கொள்ளவும் அவருக்குத் துணிவில்லை.

மைத்துனனின் மனைவி வந்தபோது இன்னும் கடினமாக இருந்தது. கட்டுப் போட்ட கையைப் பார்த்துப் பார்த்து அந்தப் பெண் வைதாள். “அண்ணன் மாதிரி ஒரு நாளாவது நிதானமா இருந்திருக்கீங்களா? பக்கத்துலயே நிக்கறாரு, பார்த்தாவது கத்துக்கக் கூடாதா?” மைத்துனன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் ஓயாதவன் வாயடைத்திருப்பதைத் தராசால் பார்க்க முடியவில்லை. “அம்மா, நான் சொல்றதக் கேளு. என் காலு...” என்று தொடங்கினார். “நீங்க சும்மா இருங்கண்ணே. நீங்க இடம் கொடுத்துத்தான் இவரு இப்படி” என்று அவள் அவரையும் ஓர் அதட்டு அதட்டிவிட்டாள்.

தம் சொல்லை நம்பாவிட்டால் படத்தையாவது நம்பட்டும் என்று தராசு எலும்பு மருத்துவரிடம் போனார். வாழ்க்கையில் முதன்முறையாக, தமக்குள் ஏதாவது உடைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே எக்ஸ்-ரே மேசைமேல் காலை வைத்தார். மருத்துவர் படத்தை விளக்குக்கு எதிரே பிடித்தார்.

“எலும்பு ரொம்ப அழகா இருக்கு.”

“ஒரு கீறல்கூட இல்லையா, டாக்டர்?”

“ஏன் இப்படி வருத்தப்படறீங்க? சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.”

ஆனாலும் அந்த மருத்துவர் படத்தோடு நின்றுவிடவில்லை. குதிகாலை ஒரு கையால் பற்றி, கணுக்காலுக்கு மேலே மறுகையால் அழுத்தி, முன்புறமாக இழுத்துப் பார்த்தார். இடது காலையும் அவ்வாறே பார்த்தார். மறுபடியும் வலதுகாலுக்கு வந்தார். பிறகு, “கீழே பிசியோ மேடத்தைப் பார்த்துட்டுப் போங்க” என்றார்.

இயன்முறை மருத்துவரின் அறை தரைத்தளத்தின் கோடியில் இருந்தது. நீண்ட கைப்பிடிக் கம்பிகளும், உருண்டைப் பந்துகளும், மெத்தென்ற பட்டைகளும் கிடந்தன. எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதைக் கண்டதும் தராசின் கால்கள் தயங்கின. இயன்முறை மருத்துவர் நடுவயதுப் பெண், சிக்கனமாகப் பேசுகிறவர். தராசை ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார். இடதுகாலில் நின்றார். வலதுகாலில் நின்றார். கொஞ்சம் ஆட்டம் இருந்தது, நின்றுவிட்டார்.

“கண்ணாடியைப் பார்த்துச் சமாளிக்கறீங்க” என்று அந்த அம்மாள் எழுந்துபோய் அதன்மேல் திரையை இழுத்துவிட்டார். “இப்ப?”

தராசு தலையைக் குனிந்து பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கீழேயும் பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கோங்க.”

மூடினார். மூடிய மறுகணமே தரை அவருக்குக் கீழிருந்து எங்கோ போய்விட்டது. கால் இருந்தது, அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்ல உள்ளே யாரும் இல்லை. கைகள் காற்றைத் துழாவின. இடுப்பு ஒரு பக்கம் வளைந்தது. விழுமுன் இயன்முறை மருத்துவர் பிடித்துக்கொண்டார். மறுபடி, மறுபடியும் அதேதான். இடதுகாலில் கண்ணை மூடியும் நின்றார். வலதுகாலில் முடியவேயில்லை.

“எலும்புல கோளாறு இல்ல” என்றார் அந்த அம்மாள், அவரை நாற்காலியில் அமர்த்தி. “எலும்பைச் சேர்த்துக் கட்டியிருக்கற நார் இருக்கே, அது திரும்பத் திரும்ப இழுபட்டுத் தளர்ந்துபோச்சு. அது கட்டறது மட்டும் இல்ல; பாதம் எப்படி இருக்குன்னு மேலே சேதி சொல்றதுக்கும் அது வேணும். உங்களுக்கு அந்தச் சேதி லேட்டா போகுது. போறதுக்குள்ள கால் மடங்கிடும்.”

“இத்தனை வருஷமா அப்ப யாரு சேதி சொன்னா?”

“உங்க கண்ணு.”

தராசு குனிந்து தம் வலது பாதத்தைப் பார்த்தார். பிறகு, “சரியாயிடுமா?” என்று கேட்டார்.

“தினமும் பயிற்சி செஞ்சா தேறும். மடங்கறது குறையும். கண்ணை மூடிக்கிட்டு அந்தக் காலை முழுசா நம்பலாமான்னு கேட்டா, இப்ப சொல்ல மாட்டேன்.”

வீட்டில் அவர் அலமாரியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நின்றார். பல் துலக்கும்போது நின்றார். அலமாரியை விட்டுவிட்டுக் கண்ணை மூடினால் அலமாரிமேலேயே போய் விழுந்தார். மனைவி அதைப் பார்த்து, தம்பிக்கு விரல் சரியாக வேண்டுமென்று அவர் ஏதோ நேர்த்திக்கடன் கழிப்பதாக எண்ணிக்கொண்டார்.

கடையில், “இனிமே முன்ன போறது நான் இல்ல. வேற யாரையாவது போடுங்க” என்றார். முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. “மனசு விட்டுப்போச்சு உனக்கு. நீயே முன்ன போகலைன்னா இந்தக் கடையில வேற யாரு போவா? நாலு நாள் விளிம்பு தேய்ச்சுக்கிட்டு உட்காரு. அப்புறம் பார்க்கலாம்” என்று அவரைத் தேய்க்கும் மேசைக்கு அனுப்பினார். தராசு உட்கார்ந்து, வெட்டிய கண்ணாடிகளின் கூரான விளிம்புகளை மழுக்கிக்கொண்டிருந்தார். இன்று தேய்க்கும் கூர், அன்று தேய்த்திருந்தாலும் பயன்பட்டிராது. உடைந்த கண்ணாடியின் விளிம்பை யார் தேய்ப்பார்? வேலை நடக்கும், மனம் இதையே சுற்றும். தராசு மேசையில் இருப்பதைக் கண்டவர்கள், மைத்துனனால் அந்த மனிதர் எப்படி இடிந்துபோய்விட்டார் என்று பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சையும் அவரால் தேய்த்து மழுக்க முடியவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு மைத்துனனையும் அதே தரைத்தளத்து அறைக்கு அனுப்பினார்கள். சுண்டுவிரலும் மோதிரவிரலும் நீட்டியது நீட்டியபடி நின்றன. கடற்பஞ்சுபோன்ற பந்தொன்றைக் கொடுத்து, பிழியச் சொன்னார்கள். தராசு தம் முறைக்கு உள்ளே வந்தபோது அவன் மூலையில் உட்கார்ந்து பந்தைப் பிழிந்துகொண்டிருந்தான். விபத்துக்குப் பிறகு அவர்கள் தனியாகச் சந்தித்ததில்லை. நடுவில் எப்போதும் யாராவது ஒருவர் அவரைப் புகழ்ந்துகொண்டோ அவனை வைதுகொண்டோ இருந்தார்கள்.

“வாங்க மச்சான்” என்றான். “பந்து பிழியறதுல நான்தான் இங்க முதல் மாணவன். சாறுதான் வர மாட்டேங்குது.”

இயன்முறை மருத்துவர் தராசை மெத்தென்ற பட்டையின்மேல் வலதுகாலை ஊன்றி நிற்கச் சொன்னார். திரை இழுத்திருந்தது.

“கொக்கு நல்லா நிக்குது. மீனுதான் காணோம்” என்றான் மைத்துனன்.

“கண்ணை மூடுங்க” என்றார் இயன்முறை மருத்துவர்.

தராசு மூடினார். உடம்பு ஆடியது, கை துழாவியது, பாதம் உட்புறமாக மடங்கியது. அந்த அம்மாள் பிடித்தார். அவர் மீண்டும் நின்றார். மீண்டும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாம் முறை மூலையில் பந்து பிழியும் ஓசை நின்றிருந்தது.

“மேடம், இவரு வேணும்னு இப்படிப் பண்றாரா?”

“வேணும்னு இப்படிப் பண்ண முடியாது” என்றார் அவர், திரும்பாமலே. “இங்க வந்து பாருங்க. கணுக்கால் எப்படித் துடிக்குது? தப்பு எங்கேன்னு அதுக்கே தெரியாம, எல்லாப் பக்கமும் ஒரே நேரத்துல பிடிச்சு இழுக்குது. கண்ணைத் திறந்தா சரியாயிடும். கண்ணுக்குக் கால் தெரிஞ்சா இவருக்குப் பிரச்சினையே இல்ல.”

மைத்துனன் அருகில் வந்து குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அந்த அம்மாளின் பிடியில் கண்ணை மூடி நின்ற தராசுக்கு அவனுடைய மூச்சுமட்டும் கேட்டது.

பயிற்சி முடிந்து இருவரும் வெளியே நடைக்கூடத்து மரப்பலகையில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு சன்னல்; அதிலும் கண்ணாடிதான். யாரோ அதை அழுத்தமாகத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வெளியே காற்று வலுத்திருந்தது. மரக்கிளையொன்று கண்ணாடியை உரசிக்கொண்டேயிருந்தது.

“நான் தள்ளலையா, மச்சான்?”

“நீ தள்ளல. அன்னிக்கே சொன்னேன்.”

“சொன்னீங்க. எல்லார்கிட்டயும் சொன்னீங்க. நான்தான் நம்பல.” அவன் வளையாத இரு விரல்களையும் இடக்கையால் மடக்கிப் பார்த்தான், விட்டதும் அவை நீண்டன. “மூஞ்சி பார்க்கற கண்ணாடின்னா எப்பவும் மத்தவங்களை அனுப்பிடுவீங்க. வெட்கம்னு சொல்வீங்க. நானும் சிரிப்பேன்.”

தராசு அவன் கையைப் பார்த்தார். சொல்லக்கூடியதெல்லாம் அந்தக் காகிதத்தை உரித்த நொடியில் தொண்டைவரை வந்து திரும்பிப் போனதுதான். அதைத் தவிர வேறெதுவும் அவரிடம் இல்லை. அந்த விரல்களைத் தம் கையில் எடுத்து மடக்கிவைத்துவிட முடியுமானால் நன்றாயிருக்கும் என்று எண்ணினார். கையை நீட்டவில்லை.

மைத்துனன் சன்னலைப் பார்த்தபடியே, குரலை உயர்த்தாமல் கேட்டான்.

“பேப்பரைப் பிரிச்சப்பவே உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்” என்றார் தராசு.